மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி: நம்பிக்கையும் சான்றும்

தமிழ்நாட்டில் ஒருவருக்குக் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், ரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே கீழாநெல்லியைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். படிப்பு, வசதி, ஊர் என்ற வேறுபாடுகளையெல்லாம் கடந்த நம்பிக்கை இது. பல தலைமுறைகளாகக் காமாலைக்கு மருந்து அரைத்துக் கொடுத்துவரும் குடும்பங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. அவர்களில் பலர் காசு வாங்குவதில்லை என்பதும் அந்த மருந்தின் மேல் மக்களுக்குள்ள மதிப்பைக் கூட்டுகிறது. அதே நேரத்தில், கீழாநெல்லி அளவுக்கு ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் சோதித்துப் பார்க்கப்பட்ட தமிழ் மூலிகைகள் மிகச் சில. அந்தச் சோதனைகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தக் கசப்புச் செடி உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்ற இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்.

முதலில் செடியைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் யாரும் விதைக்காமலே முளைக்கும் இந்தச் செடி பெரும்பாலும் ஓர் அடி முதல் இரண்டடி உயரம் வரை வளரும். புளிய இலையைப் போன்ற சிற்றிலைகள் மெல்லிய காம்பின் இருபுறமும் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றின் அடிப்பக்கத்தில் மிளகைவிடச் சிறிய காய்கள் வரிசையாகத் தொங்கும். இரவில் இலைகள் கூம்பிக்கொள்ளும். நாம் உண்ணும் பெருநெல்லியும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இதன் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆனால் பழைய மருந்து நூல்களிலும் இன்றைய பல மருந்துச் சீட்டுகளிலும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரே அச்சாகிறது. நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறொரு செடி என்பதைத் தாவரவியலாளர்கள் தெளிவுபடுத்திப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

பெயர்க் குழப்பம் நூல்களோடு நின்றிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை; அது சந்தைக்கும் வந்துவிடுகிறது. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்கப்படும் உலர்ந்த செடிகளைச் சேகரித்து, உருவ அமைப்பையும் மரபணு அடையாளத்தையும் கொண்டு ஆராய்ந்த முடிவுகள் 2010இல் வெளியாயின. ஏறத்தாழ நான்கில் மூன்று கடைகளின் சரக்கு உண்மையான கீழாநெல்லியாகவே இருந்தது. மீதியில் சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி உட்பட அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு ஐந்து செடிகள் இருந்தன. உறவுச் செடிகள்தானே என்று இதை அலட்சியப்படுத்த முடியாது. கீழாநெல்லியின் முக்கிய வேதிப்பொருள்களாகக் கருதப்படும் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ஆகிய லிக்னன்களின் அளவு செடிக்குச் செடி பெரிதும் மாறுபடுகிறது. ஒரே செடியிலும் அது இலையில் மிகுந்தும் தண்டிலும் வேரிலும் குறைந்தும் காணப்படுகிறது. காய் வழவழப்பாகவும் தண்டு பச்சையாகவும் இருப்பது கீழாநெல்லி. காயின் மேல்தோல் சொரசொரப்பாகவும் தண்டு சிவப்பேறியும் இருப்பது சிவப்புக் கீழாநெல்லி. பூவின் இதழ்களை எண்ணிப் பார்த்தால் கீழாநெல்லியில் ஐந்தும் அதைப் போலவே தோன்றும் வேறு சில செடிகளில் ஆறும் இருக்கும். பச்சையாகப் பறித்துப் பயன்படுத்துகிறவர்களால் இந்த வேறுபாடுகளைக் கண்டுகொள்ள முடியும். பொடியாக வாங்குகிறவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

சித்த மருத்துவம் கீழாநெல்லியைக் கைப்பும் துவர்ப்பும் கலந்த, குளிர்ச்சி தரும் சரக்காகப் பார்க்கிறது. சிறுநீரைப் பெருக்கும், வீக்கத்தைக் கரைக்கும், மிகுந்த அழலைத் தணிக்கும் என்பன அதற்குச் சொல்லப்படும் செய்கைகள். காமாலையைப் பித்தத்தின் கேட்டினால் வரும் நோயாகக் கொள்ளும் அந்த மரபில், வெப்பத்தைத் தணிக்கும் கைப்புச் சரக்கு முதலிடம் பெறுவது இயல்பான முடிவு. வழக்கத்தில் உள்ள முறை எளிமையானது: வேரோடு பிடுங்கிய பச்சைச் செடியை மண் போகக் கழுவி, முழுவதையும் அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு அல்லது கொட்டைப்பாக்கு அளவு எடுத்து, மோரிலோ பசும்பாலிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். சில ஊர்களில் கரிசலாங்கண்ணியையும் சேர்த்து அரைப்பார்கள். மூன்று நாள், ஏழு நாள் என்று மருந்தின் கணக்கும், உப்பு, புளி, எண்ணெய் நீக்கிய பத்தியமும் கூடவே வரும்.

இந்த முறையில் கவனிக்கத் தக்க நுட்பம் ஒன்று உண்டு. லிக்னன்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, கொழுப்பில் கரையக்கூடியவை. ஆகவே செடியை நீரில் காய்ச்சி வடித்துக் குடிக்கும்போது உடலுக்குள் செல்வது பெரும்பாலும் துவர்ப்பைத் தரும் டானின்கள் போன்ற நீரில் கரையும் பொருள்களே. முழுச் செடியையும் கற்கமாக அரைத்து, கொழுப்பும் கொஞ்சம் உள்ள பாலிலோ மோரிலோ கலந்து விழுங்கும்போது எதுவும் வடிகட்டப்படுவதில்லை. வேதியியல் பெயர்களை அறியாத காலத்திலேயே நம் வைத்தியர்கள் சமூலத்தை, அதாவது வேரோடு கூடிய முழுச் செடியை, அரைத்துக் கொடுப்பதைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதை நான் மதிப்போடு பார்க்கிறேன். கீழாநெல்லியைப் பற்றிய ஆய்வு முடிவு ஒன்றைப் படிக்கும்போது, அதில் பயன்படுத்தப்பட்டது சாறா, பொடியா, நீர்ச் சாரமா, ஆல்கஹால் சாரமா என்று பார்ப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

இனி மஞ்சள் நிறத்துக்கு வருவோம். நம் ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அப்போது சிதையும் ஹீமோகுளோபினிலிருந்து நாள்தோறும் 250 முதல் 350 மில்லிகிராம் வரை பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உருவாகிறது. கல்லீரல் அதைப் பிடித்து, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். இரண்டரை, மூன்று என்று உயரும்போது கண் மஞ்சளாகத் தெரியும். இந்த உயர்வுக்கு மூன்று வேறு இடங்களில் காரணம் இருக்கலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழியலாம். கல்லீரல் செல்கள் வைரஸ், மது, மருந்து, நச்சு ஆகியவற்றால் பழுதடையலாம். பித்தநீர் வெளியேறும் குழாயைக் கல்லோ கட்டியோ அடைக்கலாம். மூன்றிலும் கண் மஞ்சளாகும்; சிகிச்சை மட்டும் முற்றிலும் வேறு. அழியும் சிவப்பணுக்களைக் கீழாநெல்லி காப்பதில்லை. அடைத்த கல்லை அது நகர்த்துவதும் இல்லை. சித்த நூல்களும் காமாலையை ஒரே நோயாகக் கொள்ளவில்லை. ஊது காமாலை, வறள் காமாலை, கும்ப காமாலை என்று பலவாகப் பிரித்து, எளிதில் தீர்வது எது, தீர்வதற்கு அரியது எது என்றும் கூறுகின்றன. எல்லா மஞ்சளுக்கும் ஒரே மருந்து என்ற எண்ணம் மரபு நமக்குத் தந்ததன்று. மரபிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாமே உருவாக்கியது அது.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள்? இங்கே திடீரென்று வரும் காமாலைக்கு மிகப் பெரிய காரணங்கள் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற இரண்டு வைரஸ்கள். மலம் கலந்த குடிநீராலும் உணவாலும் பரவும் இவற்றில், ஏ வைரஸ் ஒருபோதும் நாட்பட்ட நோயாக நிலைப்பதில்லை. ஈ வைரஸும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தவிர மற்றவர்களிடம் நிலைப்பதில்லை. பசியின்மை, குமட்டல், காய்ச்சல் ஆகியவற்றோடு தொடங்கி, சிறுநீர் மஞ்சளாகி, கண் மஞ்சளாகி, பிறகு சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடுவது இந்த நோய்களின் இயல்பான போக்கு. கண் மஞ்சளாகத் தெரியும் நேரத்தில் நோயின் உச்சம் பெரும்பாலும் நெருங்கியிருக்கும். குமட்டல் குறைந்து பசி திரும்பத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த வேளையில்தான். அப்போது கொடுக்கப்படும் எந்த மருந்துக்குப் பின்னும் நோயாளி தேறுவார். பெரியவர்களுக்கு வரும் திடீர் ஹெபடைடிஸ் பி தொற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமாகவே வைரஸை வென்றுவிடுகிறார்கள். கீழாநெல்லி வேலை செய்யவில்லை என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. குணமானவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அது வேலை செய்தது என்று நிறுவ முடியாது என்பதே இதன் பொருள். மருந்து கொடுத்த குழுவையும் கொடுக்காத குழுவையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் சென்னையில் இருந்தார்கள் என்பது தமிழர்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜனை (அதன் வெளியுறையில் உள்ள புரதத்தை) கண்டறிந்ததற்காக 1976இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான பரூக் பிளம்பர்க், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிவந்தார். அவரும் பி.எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன் ஆகியோரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிச் சாரம் சோதனைக் குழாயில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜனோடு பிணைவதையும், அந்த வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதியைத் தடுப்பதையும் காட்டினார்கள். இதே குடும்பத்து வைரஸ் தாக்கிய வுட்சக் என்ற அமெரிக்க விலங்கிலும் அந்தச் சாரம் பயன் தருவதாகத் தெரிந்தது. அந்த ஆய்வுத் தலைப்பிலும் செடியின் பெயர் நிரூரி என்றே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்து பின்னாளில் அதன் துணைவேந்தரான எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் வெங்கடேஸ்வரன், பிளம்பர்க் ஆகியோருடன் சேர்ந்து, வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்த மனிதர்களிடம் இந்த மூலிகையைச் சோதித்தார்கள். முப்பது நாள் மருந்து கொடுத்து, அதன்பின் 15 முதல் 20 நாள் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜன் காணப்படவில்லை. ஒப்பீட்டுக்காக மருந்துச் சரக்கு இல்லாத போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது.

59 விழுக்காட்டுக்கும் 4 விழுக்காட்டுக்கும் இடையிலான அந்த வேறுபாடு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அது எவ்வளவு வியப்பான எண் என்பதை உணர இன்னொரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி நாட்பட்ட தொற்றாக நிலைத்துவிட்டவர்களிடம் மேற்பரப்பு ஆன்டிஜன் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது. இன்று உலகம் முழுவதும் பயன்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸின் பெருக்கத்தை நன்றாக அடக்கினாலும், அந்த ஆன்டிஜனை முழுவதுமாக நீக்குவது அவற்றாலும் அரிதாகவே முடிகிறது. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு மூலிகை சாதித்தது என்றால், அது மருத்துவ வரலாற்றையே மாற்றும் கண்டுபிடிப்பு. ஆய்வாளர்களோ அதைத் தொடக்கநிலை ஆய்வு என்றே அடக்கத்தோடு குறிப்பிட்டு, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினார்கள்.

மேலும் ஆராய்ந்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. தாய்லாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் அடுத்த சில ஆண்டுகளில் நடந்த சோதனைகளில் கீழாநெல்லியால் மேற்பரப்பு ஆன்டிஜன் குறிப்பிடத்தக்க அளவில் மறையவில்லை. வாத்துகளைத் தாக்கும் இதே குடும்பத்து வைரஸுக்கு எதிராகச் செய்த சோதனையும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஃபில்லாந்தஸ் பேரினச் செடிகளைக் கொண்டு நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயில் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2011இல் மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, போலி மருந்தைவிட இவை சிறந்தவை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சில நன்மைகள் தென்பட்டாலும், அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட முறையில் குறைகள் இருந்ததால் அவற்றை உறுதியாக ஏற்க இயலாது என்றும் அது கூறியது. இன்றும் இணையத்திலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் 1988ஆம் ஆண்டு எண்கள் மட்டும் சுற்றிவருகின்றன. அதற்குப் பின் நடந்தவை சொல்லப்படுவதில்லை. இது அந்தச் சென்னை ஆய்வாளர்களுக்கே செய்யும் அநீதி, ஏனெனில் மறுசோதனையைக் கேட்டவர்கள் அவர்கள்தாம்.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. செடி வளரும் மண்ணும் பருவமும் மாறும்போது அதன் வேதிப்பொருள் அளவு மாறுவது ஒரு காரணமாக இருக்கலாம். தற்காலிகத் தொற்றிலிருந்து இயல்பாகவே மீண்டுகொண்டிருந்த சிலர் முதல் ஆய்வின் குழுவில் இருந்திருக்கவும் கூடும். சிறிய எண்ணிக்கையில் நடக்கும் சோதனையில் அத்தகைய சிலரே முடிவைப் பெரிதாக மாற்றிவிடுவார்கள். என் பார்வையில், இவற்றைவிட அடிப்படையான ஒன்று விவாதத்தில் விடுபட்டுப்போகிறது. எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடும் ஒருவரின் ரத்தத்திலிருந்து ஒரு வைரஸின் புரதத்தை நீக்குவேன் என்று எந்தச் சித்த வைத்தியரும் கீழாநெல்லியைக் கையில் எடுக்கவில்லை. அவர் மருந்து கொடுத்தது கண் மஞ்சளாகி, சோறு செல்லாமல், உடல் சோர்ந்து வந்தவருக்கு. மரபு கேட்ட கேள்வி வேறு, நவீன ஆய்வு பெரும் பொருட்செலவில் விடை தேடிய கேள்வி வேறு. ஆகவே நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றில் கீழாநெல்லி தோற்றது என்பது உண்மை. திடீர்க் காமாலையில் அது பயன்படுமா என்ற கேள்விக்கு அந்தத் தோல்வி விடையாகாது.

அந்த இரண்டாவது கேள்விக்கு நடந்த சோதனைகள் வருந்தத்தக்க அளவுக்குக் குறைவு. திடீர் வைரஸ் காமாலையில் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்து 1999இல் வெளியான கேரள ஆய்வு ஒன்று, மஞ்சள் நிறம் நீடிக்கும் காலத்தை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றே கூறியது. விலங்குகளில் கிடைத்த முடிவுகள் இதைவிட நம்பிக்கை தருபவை. கார்பன் டெட்ரா குளோரைடு, பாரசிட்டமால், மது ஆகியவற்றால் எலிகளின் கல்லீரலைச் சேதப்படுத்தி, கீழாநெல்லிச் சாரம் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில், பழுதான கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் குறைந்தன, ஆக்சிஜனேற்றத்தால் நிகழும் சேதமும் குறைந்தது. ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்களும் லிக்னன்களும் இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆனால் அந்த எலிகளுக்கு நச்சு கொடுப்பதற்கு முன்போ உடனோ மருந்து கொடுக்கப்படுகிறது. நம் வீடுகளில் நோய் முற்றிய பிறகு கொடுக்கப்படுகிறது. எலியின் எடைக்குக் கொடுத்த சாரத்தின் அளவை மனிதருக்குக் கணக்கிட்டால், அது நெல்லிக்காய் அளவு விழுதில் அடங்குமா என்பதும் தனிக் கேள்வி.

செரிமானத்தைப் பொறுத்தவரை கசப்புக்கு என்று ஒரு பொதுவான வேலை இருக்கிறது. நம் உடலில் சுமார் 25 வகைக் கசப்பு ஏற்பிகள் உள்ளன. நாக்கில் மட்டுமன்றி இரைப்பையிலும் குடலிலும் அவை அமைந்திருக்கின்றன. நாக்கில் கசப்பு படும்போது உமிழ்நீரும் இரைப்பைச் சுரப்பும் தூண்டப்படுகின்றன. காமாலை வந்தவருக்கு முதன்மையான துன்பம் பசியின்மையும் வாய்க் குமட்டலும் என்பதால், உணவுக்கு முன் சிறிதளவு கசப்பை உள்ளே செலுத்தும் வழக்கம் பொருளற்றதன்று. கீழாநெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் வயிற்றுப்போக்கைக் குறைப்பதும் இரைப்பைப் புண்ணிலிருந்து காப்பதும் விலங்குச் சோதனைகளில் காட்டப்பட்டுள்ளன. சீதபேதிக்குக் கீழாநெல்லியை மோரில் கொடுக்கும் நாட்டு வழக்கத்தோடு இது பொருந்துகிறது. மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்படும் வரை இதை ஏற்கத்தக்க ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்வதே சரி. இரைப்பை அழற்சி உள்ள சிலருக்கு வெறும் வயிற்றில் செல்லும் கசப்பே எரிச்சலைத் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்தியத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் நன்மையும் தீமையும் அதில் கலந்திருக்கின்றன. மதுவை அறவே நிறுத்தச் சொல்வது அதன் மிகப் பெரிய நன்மை. மதுவால் கல்லீரல் வீங்கியிருக்கும் ஒருவர் வைத்தியரின் சொல்லுக்கு அஞ்சி ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தால், அவருடைய கல்லீரல் தேறுவதற்கு அந்த விலகலே பெரும் காரணமாக இருக்கும். எண்ணெயில் பொரித்தவற்றைத் தவிர்ப்பதும் குமட்டல் உள்ளவருக்கு இதமானது. ஆனால் உப்பையும் பருப்பையும் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, வாரக்கணக்கில் கஞ்சியிலும் இளநீரிலும் நோயாளியை வைத்திருப்பது கேடு. பழுதான கல்லீரல் தன்னைச் சீரமைத்துக்கொள்ளப் போதிய மாவுச்சத்தும் புரதமும் வேண்டும். வளரும் பிள்ளைகளும் முதியவர்களும் ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும் இந்தக் கடும் பத்தியத்தால் தசை கரைந்து மெலிந்துபோகிறார்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டுமே உப்பைக் குறைப்பது உண்மையில் தேவை.

கீழாநெல்லியே யாரையாவது கொன்றது என்று சொல்ல முடியாது. ஓரளவுக்கு உண்ணும்போது பெருந்தீங்கு செய்யாத செடி என்றே இதுவரையான ஆய்வுகள் காட்டுகின்றன. உயிரைக் குடிப்பது அதை நம்பி இழக்கும் நாட்கள். ஹெபடைடிஸ் ஈ தொற்று கருவுற்ற பெண்களுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ இறக்கக்கூடிய நோயாக மாறுகிறது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சளாகும் குழந்தையின் மூளையை உயர்ந்த பிலிரூபின் நிரந்தரமாகப் பாதிக்கும் ஆபத்து உண்டு; அதற்குத் தேவை மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சை. அந்தக் குழந்தையின் வாயில் மூலிகைச் சாற்றை விடக் கூடாது. மலம் வெளுத்து, உடலெங்கும் அரிப்பெடுத்து, எடை குறைந்துவரும் முதியவரின் காமாலை கணையத்திலோ பித்தக் குழாயிலோ உள்ள கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள காலம் கற்கம் அரைப்பதில் கழிந்துவிடக் கூடாது. காமாலை வந்தவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சில் தடுமாறினால், கை நடுங்கினால், பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால், நிற்காமல் வாந்தி எடுத்தால், கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கசப்பெல்லாம் கல்லீரலுக்கு நல்லது என்ற பொது நம்பிக்கை கீழாநெல்லியின் நற்பெயரிலிருந்து மற்றச் செடிகளுக்கும் பரவியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடியை நாள்தோறும் காய்ச்சிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பழுதடைந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, அவர்கள் உண்டது வேறு கொடியாக இருக்கலாம் என்றது. உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும், செடியை அடையாளம் காண்பதிலும் நாட்கணக்கிலும் கவனம் தேவை என்ற பாடம் இரண்டு பக்கத்துக்கும் பொது. பல சரக்குகளைக் கலந்து, என்னென்ன சேர்ந்தன என்று சொல்லாமல் கொடுக்கப்படும் காமாலைப் பொடிகள் இதைவிடக் கவலைக்குரியவை. அவற்றில் உலோகம் கலந்திருந்தால், ஏற்கெனவே தடுமாறும் கல்லீரல்தான் அந்தச் சுமையையும் தாங்க வேண்டும்.

கீழாநெல்லியை விரும்புகிறவர் அதை உண்பதற்கு முன் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பிலிரூபின் அளவு, கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம், ஏ, பி, சி, ஈ வைரஸ் சோதனைகள், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன் ஆகியவற்றால் காமாலையின் வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் ஏ என்று உறுதியாகி, நோயாளி தெளிவாக இருந்தால், பட்டம் பெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பில் கீழாநெல்லி எடுத்துக்கொள்வதை நான் எதிர்க்க மாட்டேன். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள், கீழாநெல்லிக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இயல்பு இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீர்ப் பெருக்கி மருந்து எடுப்பவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செடியைப் பூச்சிமருந்து அடிக்கும் வயலிலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் பறிக்கக் கூடாது. அழுக்கு நீரால் வந்த நோய்க்கு அதே அழுக்கில் வளர்ந்த செடியைப் பச்சையாக அரைத்துக் கொடுப்பது மீண்டும் தொற்றை அழைப்பதாகும்.

ஹெபடைடிஸ் பி என்று தெரியவந்தால் வழி வேறு. உலக நல அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்த வைரஸுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கண் ஒருநாளும் மஞ்சளாகியிருக்காது. கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வெளிப்படும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. 2018இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாய்க்குத் தொற்று இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் முதல் தடுப்பூசி மிக முக்கியமானது, ஏனெனில் பிறக்கும்போது தொற்றைப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடுகிறது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உறுதியானால், அன்றே அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அனைவரின் ரத்தத்தையும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.